ஆமைகளின் முகவரியை நான் வெளியிட்டேன்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். மேடையில் எனக்குப் பேச்சு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். தரவை எந்த வடிவத்தில் சேமிப்பது, இனப்பெயரை எப்படிச் சரிபார்ப்பது, உரிமம் எப்படித் தருவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் செய்த ஒரு பிழையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைப் பற்றி அலுவலகத்தில் இன்னமும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்களாம். அரைகுறையாக யாரிடமோ கேட்பதைவிட என்னிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் இருபத்தாறு வருடம் இந்த வேலையைச் செய்தேன். காடு, ஏரி, புதர் என்று சுற்றுகிறவர்கள் எந்தச் செடியை, எந்தப் பறவையை, எந்த விலங்கை, எங்கே, எப்போது பார்த்தோம் என்று எழுதித் தருவார்கள். அதையெல்லாம் ஒரே அட்டவணையாக்கி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைப்பது என் பொறுப்பு.

இந்த வேலையில் எனக்கு ஒரு வெறியே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. நான் சேர்ந்த புதிதில் பொத்தேரியில் ஒரு தாவரவியல் பேராசிரியர் இருந்தார். ஏரிச் செடிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய நோட்டுகளை யாருக்கும் காட்டமாட்டார். "புத்தகமா வரட்டும், அப்புறம் தரேன்" என்பார். ஒரு மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. நானும் எங்கள் இயக்குநரும் போய், ஊறிப்போன நோட்டுகளை மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்தோம். பக்கம் பிரிந்தது, எழுத்து மட்டும் இல்லை. நீல மை கரைந்து ஓடியிருந்தது. அந்த மனிதர் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். திரும்பும் வழியில் இயக்குநர் சொன்னார்: "பூட்டி வெச்ச தரவு செத்த தரவும்மா." அன்றிலிருந்து கையில் கிடைத்த எதையும் நான் பூட்டி வைத்ததில்லை.

ரஹீம் பாய் எங்களிடம் வந்தது ஒரு படத்தோடு. மேற்குத் தாம்பரத்தில் சின்னதாகக் கடை வைத்து, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். முடிச்சூர், மணிமங்கலம், படப்பை என்று வீடு வீடாகப் பைக்கில் போய் வேலை செய்வார். படப்பைப் பக்கம் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு ஆமையைத் தூக்கி ஓரத்தில் விட்டவர், அதைக் கைபேசியில் படமெடுத்து, யாரோ சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"இன்னா மேடம் இது, ஓட்டு மேல நட்சத்திரம் வரைஞ்சாப்ல கீது? யாராவது வளக்கறதா?"

நட்சத்திர ஆமை, புதர்க்காட்டில் தானாக வாழ்வது, இதைக் கடத்தி விற்கிறார்கள், இந்தப் பக்கம் இது இன்னும் இருக்கிறது என்பதே பெரிய செய்தி என்று சொன்னேன். மறுவாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். படப்பைக்கு உள்ளே, ஏகாம்பரம் என்ற பெரியவருக்குச் சொந்தமான தரிசு நிலத்தில்தான் அவை அதிகம் இருந்தன. ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்ட நிலம். விவசாயத்தை விட்டபின் முள்ளும் புதருமாகிவிட்டது. ஏகாம்பரம் வீட்டு ஃபிரிட்ஜை ரஹீம் பாய்தான் பழுது பார்ப்பார். அந்தப் பழக்கத்தில், "சும்மா நடந்துட்டுப் போ பாய், யாரு கேக்கப் போறா" என்று விட்டிருந்தார்.

ஆறு வருடம் ரஹீம் பாய் அங்கே நடந்தார். பார்த்ததையெல்லாம் சர்வீஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதுவார். "மேடம், இன்னிக்கு ரெண்டு. ஒண்ணு கொயந்த, தீப்பெட்டி சைஸ்தான் கீது" என்று சொல்லிக்கொண்டே என் மேஜையில் வைப்பார். இடத்தை எழுதுவதில் அவ்வளவு நுணுக்கம். ஒரு சீட்டு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஏகாம்பரம் அண்ணன் நிலம். ஒத்தைப் பனைலருந்து கிழக்கே நாப்பது தப்படி. கள்ளி வேலி அடியில பொந்து. மழை பேஞ்ச மறுநாள் காலைல ஏழு மணிக்கு மேல வெளிய வரும்."

அந்தச் சீட்டுகளை நானே உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டினேன். வெளிநாட்டில் இருப்பவனும் படிக்கட்டும் என்ற பெருமையோடு தட்டினேன்.

கடத்தல்காரர்கள் தேடும் இனங்களுக்கு இடத்தைத் துல்லியமாகத் தரக்கூடாது என்ற விதி அப்போதே இருந்தது. வரைபடத்தில் புள்ளியாகத் தெரியாமல், பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டமாகத் தெரியும்படி அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின் கடைசி இலக்கங்களை வெட்டிவிட வேண்டும். அதைச் செய்தேன். ஒவ்வொரு ஆமைக்கும் செய்தேன். ஆனால் அட்டவணையின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசை இருந்தது. பார்த்தவர் எழுதிய சொற்கள் அப்படியே அதில் இருந்தன.

இயக்குநரின் ஆய்வுக்கட்டுரை ஒன்று அச்சுக்குப் போகவேண்டியிருந்தது. தரவு முழுவதையும் பொதுவில் வைத்தால்தான் ஏற்போம் என்று இதழிலிருந்து சொல்லிவிட்டார்கள். அன்றுதான் கடைசி நாள். மதியம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"முடிஞ்சுதாம்மா?"

"குறிப்பு வரிசைய இன்னும் பாக்கல சார். ரெண்டு நாள் குடுங்க."

"அதுல என்ன இருக்கப் போவுது? பூத்திருந்தது, காய்ச்சிருந்தது, மேகமா இருந்ததுன்னு இருக்கும்."

"ஆயிரக்கணக்குல வரி இருக்கு சார்."

"சரி, உனக்குச் சரின்னு பட்டா போடு. இல்லன்னா நான் இதழுக்கு ஃபோன் பண்ணி டைம் கேக்கறேன்."

அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். டைம் கேளுங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். நான் முதல் சில பக்கங்களை உருட்டிப் பார்த்தேன். எல்லாம் செடிகள். பூத்திருந்தது, காய்த்திருந்தது. ரஹீம் பாயின் வரிகள் எங்கோ கீழே இருந்தன. அவற்றைத் தட்டியவள் நான். என்ன எழுதியிருக்கிறது என்று என் விரல்களுக்குத் தெரியும். ஆனாலும் பொத்தானை அழுத்திவிட்டு, காபி குடிக்கப் போனேன்.

ரஹீம் பாய்க்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 'பார்த்தவர்' என்ற இடத்தில் தன் பெயர் இருப்பதைக் கைபேசியில் திறந்து, வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம் காட்டினார். "அமெரிக்காவுல கூட என் பேரு தெரியும் மேடம் இப்ப" என்று சிரித்தார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அழைத்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மேடம், நிலத்துல யாரோ பூந்துகிறானுங்க. கள்ளி வேலி அடியெல்லாம் கம்பி வுட்டு நோண்டிகிறானுங்க. பொந்து ஒண்ணு வுடாம காலி மேடம். எப்டி தெரிஞ்சுதுன்னே தெரியல."

எனக்கும் தெரியவில்லை. உண்மையாகவே அப்போது எனக்குத் தோன்றவில்லை. வனத்துறையில் சொல்லுங்கள் என்றேன். அவர்தான் போய்ப் புகார் கொடுத்தார். அடுத்த வாரமே தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே பையோடு இருவர் பிடிபட்டார்கள். பைக்குள் ஆமைகள். ஒருவனுடைய கைபேசியில் ஓர் அட்டவணையின் படம் இருந்தது. அதில் பனைமரம், கள்ளி வேலி, ஏழு மணி எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. எல்லா வரிக்கும் எதிரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

மறுநாள் காலை ரஹீம் பாயின் மனைவி ஃபோன் செய்தார். "மேடம், எங்க வூட்டுக்காரர ஜீப்புல கூட்டிகினு போயிட்டாங்க. தெருவே நின்னு பாக்குது. ஆமை புடிச்சவனுக்கு இவருதான் எடம் சொன்னாருன்னு சொல்றாங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்க மேடம்."

ஃபோனை வைத்துவிட்டு எங்கள் அட்டவணையைத் திறந்து ரஹீம் என்று தேடினேன். குறிப்பு வரிசை வந்து நின்றது. இயக்குநரிடம் ஓடினேன். அவர் திரையைப் பார்த்தார்.

"முதல்ல அதைக் கீழ எடு. வக்கீலக் கேக்கற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேச வேணாம்."

ஒரு நிமிடத்தில் முழுத் தரவையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். இனி யாரும் அந்த இடத்துக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் எடுத்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலியான பொந்துகளுக்கு எதற்குக் காவல்? உண்மையைச் சொன்னால், அந்த வரிகளை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் மறைத்தேன்.

அதன் விளைவு அடுத்த நாள் மாலை தெரிந்தது. மீண்டும் ரஹீம் பாயின் மனைவி.

"மேடம், நான் யாருக்கும் சொல்லல, எல்லாம் நெட்லயே கீது, நீங்களே பாருங்கன்னு இவரு சொன்னாராம். அவங்க தொறந்து பாத்தா ஒண்ணுமே இல்லியாம். பொய் சொல்றியான்னு கேக்கறாங்களாம். அது இருந்துச்சு இல்ல மேடம்? எனக்கே காட்டுனாரே?"

அப்போதுதான் உறைத்தது. அந்த இடங்கள் உலகத்துக்கே திறந்து கிடந்தன என்பதுதான் அவர் குற்றமற்றவர் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. அதை மறைத்தவள் நான்.

"இருந்துச்சும்மா" என்றேன். "அப்ப வந்து சொல்லுங்க மேடம்" என்றார். வருகிறேன் என்றேன். ஆனால் அந்த மாலையே போகவில்லை. வக்கீல் மறுநாள் பேசுவதாகச் சொல்லியிருந்தார், அது ஒரு சாக்கு. வேலை போய்விடுமோ, என்மீதும் வழக்கு வருமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தின் கணக்கில் ரஹீம் பாய்க்கு இன்னொரு இரவு போயிற்று.

மூன்றாம் நாள் காலை, வக்கீலுக்காகக் காத்திராமல், மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போனேன். ரஹீம் பாய் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையில் வரவேண்டும், மாலைவரை இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. ஆனால் மூன்று நாளில் தோள் இரண்டும் உள்ளே இறங்கினாற்போல் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அறையில் ஒரு மூலையில் பிளாஸ்டிக் பெட்டிகளில் ஆமைகள் இருந்தன. பைக்குள் அசையாமல் இருக்கக் கடத்தியவர்கள் கால்களை உள்ளே தள்ளி டேப் சுற்றியிருந்தார்களாம். டேப்பைப் பிரித்தபின்னும் சில அசையவில்லை. மற்றவை பெட்டியின் பக்கங்களைச் சுரண்டும் சத்தம் நின்று நின்று கேட்டது.

வனச்சரகரிடம் என் கணினியில் இருந்த பழைய பிரதியையும், எந்த நாளில் அது தளத்தில் ஏறியது, எந்த நாளில் இறங்கியது என்ற பதிவையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"இத யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"இவரு எழுதிக் குடுத்தத அப்படியே போட்டீங்களா?"

"ஆமா சார். அந்த வரிகள எடுத்துட்டுப் போட்டிருக்கணும். பாக்காம போட்டுட்டேன்."

"சரி, போட்டீங்க. எதுக்கு முந்தாநேத்து எடுத்தீங்க?"

வழியெல்லாம் இதற்கு நல்ல பதில் ஒன்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "பயந்து எடுத்தேன் சார்."

அவர் வராந்தாவைக் காட்டினார். "நீங்க பயந்ததுக்கு அவரு பெஞ்சுல உக்காந்துட்டிருக்காரு."

என் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டு ரஹீம் பாயை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அவர் பெட்டிகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். குனிந்து பார்த்தார். "அந்த ஓரத்துல ஓடு ஒடைஞ்சு கீதே, அது பனைமரத்துது" என்றார். வெளியே வந்ததும் ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"வேணாம் மேடம். பஸ்லயே போய்க்கறேன்."

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அந்தக் குறிப்பு வரிசையில் இன்னொரு பெயரும் இருந்தது. அடுத்த வாரம் ஏகாம்பரத்திடம் மன்னிப்புக் கேட்கப் படப்பைக்குப் போனேன். நிலத்தில் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி நிலம் வெறும் செம்மண்ணாகி இருந்தது. கள்ளி வேலி ஒரு குவியலாகக் கிடந்தது. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னாம்மா, உங்க கம்ப்யூட்டர்ல எம்பேரு எதுக்கு?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அந்தப் பாய நம்பி உள்ள வுட்டேன். இப்ப ஆபீஸருங்க வந்து ஃபோட்டோ புடிக்கறாங்க, அளக்கறாங்க. நாளைக்கு இது ஆமை நெலம், ஒண்ணும் பண்ணக்கூடாதுன்னு போர்டு வெச்சா நான் எங்க போறது? எனக்குன்னு மிச்சம் கீறது இது ஒண்ணுதான்."

"அப்படியெல்லாம் வைக்க மாட்டாங்கய்யா."

"மாட்டாங்கன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. ஜேசிபியை நிறுத்தச் சொல்லும் தகுதி அந்த இடத்தில் யாருக்காவது இருந்திருக்கலாம், எனக்கு இல்லை. புரட்டிப்போட்ட மண்ணில் கொஞ்ச தூரம் நடந்தேன். வெள்ளையாக ஏதோ கிடந்தது. எடுத்துப் பார்த்தால் முட்டை ஓடு. ஆமை மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். திருட வந்தவர்களின் கம்பிக்குக்கூடத் தப்பியிருக்கிறது.

பிடிபட்ட ஆமைகளில் பாதி பிழைத்தன. பிழைத்தவற்றைத் திரும்பக் கொண்டுபோய் விட இடம் இல்லை.

நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை எழுதச் சொன்னார்கள். அலுவலக மொழி எனக்கு நன்றாக வரும். 'எதிர்பாராத விதமாகச் சில விவரங்கள் வெளியாகிவிட்டன' என்று ஒரு வரி எழுதினேன். அதைப் படித்தபோது, அந்த விவரங்கள் பொந்துக்குள்ளிருந்து தாமே நடந்து வெளியே வந்த மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, 'குறிப்புகளைப் படிக்காமல் நான் வெளியிட்டேன். பிறகு பயந்து நீக்கினேன். அதனால் தகவல் தந்தவர் பாதிக்கப்பட்டார்' என்று எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, 'இரண்டும் என் ஒப்புதலோடு நடந்தவை' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரிடம் நான் கற்றவற்றில் இதைத்தான் மேலாக நினைக்கிறேன். அந்த வருடமே அவர் பொறுப்பிலிருந்து விலகினார். என் வேலை போகவில்லை.

ரஹீம் பாய்க்குத்தான் போயிற்று. அவர் தொழில் அப்படி. ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவரை சமையலறை வரைக்கும் உள்ளே விடுகிறோம். அவர் வேலை செய்யும்போது நாம் வேறு அறையில் இருப்போம். ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனதைத் தெரு பார்த்தது. திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. "ஏதோ கேஸாமே" என்று ஒவ்வொரு வீடாக அவரைக் கைவிட்டது. ஏகாம்பரம் வீடும் விட்டது. நான் எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் அவரை அழைக்கச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் அழைத்தார்கள். அது எத்தனை நாளைக்கு? கடையை மூடிவிட்டு, மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஏசி பராமரிப்பு வேலைக்குப் போனார். அதற்குள் குறிப்புகளை நீக்கித் தரவை மீண்டும் தளத்தில் ஏற்றியிருந்தோம். போகும்முன் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து, "என் பேரையும் எடுத்துடுங்க மேடம், நான் எழுதுனதையும் எடுத்துடுங்க" என்றார். அவர் தந்த பதிவுகள் முழுவதையும் எடுத்தேன்.

அதன்பின் ஒரு தரவை வெளியிடும்முன் கடைசி வரிசையிலிருந்து படிக்கத் தொடங்கினேன். எண்களைச் சரிபார்க்க இயந்திரம் போதும். மனிதர்கள் எழுதிய சொற்களை ஒரு மனிதர்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் உரியவரை அழைத்து, இது வெளியே போனால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்பேன். உங்களுக்கும் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால், அழிப்பதற்கு முன் ஒரு பிரதியை எடுத்து வைத்து, அதில் பெயர் இருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள். வக்கீல் அப்புறம். திறந்த தரவு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நீல மை கரைந்த அந்த நோட்டுகளையும் நான்தான் பார்த்தேன். ஆனால் கதவைத் திறக்கிற நாம் பாதுகாப்பாக வாசலிலேயே நின்றுகொள்கிறோம். உள்ளே இருப்பது வேறு யாரோ.

ஓய்வு பெற்ற அன்று யாரிடமும் சொல்லாமல் மறைமலை நகருக்குப் போனேன். மதிய ஷிஃப்ட் தொடங்கும்முன், தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடையில் ரஹீம் பாய் நீலச் சட்டையில், கழுத்தில் அட்டையோடு நின்றிருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னொரு டீ சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். முன்பும் கேட்டிருக்கிறேன்.

"அத்த வுடுங்க மேடம்" என்றார்.

குடும்பத்தைப் பற்றிப் பேசினோம். டீ முடியும் நேரத்தில், "இப்பவும் எங்கயாவது பாக்கறீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

கிளாஸைக் கீழே வைத்தார். "பாக்கறேன்."

எங்கே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"கேக்காதீங்க மேடம். உங்களாண்ட இல்லேன்னு பொய் சொல்ல மனசு வர்ல. ஆனா சொல்ல மாட்டேன்."

சங்கு ஊதியது. அவர் காசு கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நம் வரைபடத்தில் படப்பையைச் சுற்றி நட்சத்திர ஆமைக்கு இன்று ஒரு புள்ளிகூடக் கிடையாது. அந்தப் பக்கம் மனைகள் வருகின்றன, சாலை அகலமாகிறது. ஒருநாள் யாராவது உங்களிடம் வந்து, அங்கே இந்த இனம் உண்டா என்று கேட்பார்கள். இருக்கிறது என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. அவர் சொல்லாததாலேயே அந்த இடமும் போய்விடலாம். அது அவருக்கும் தெரியும், தெரிந்தும்தான் சொல்லவில்லை. நீங்கள் 'இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், நம்மிடம் சொல்ல அவருக்கு மனம் இல்லை என்று எழுதுங்கள்.